உடைக்கலாமா, பொடிக்கலாமா, மெல்லலாமா? வாசகர் கேள்விகளுக்கு மருந்தாளுநர் பதில்கள்

வாயால் உட்கொள்ளும் மருந்துகளின் வடிவங்களைப் பற்றி இம்மாதம் வந்த கடிதங்களிலிருந்து ஆறு கேள்விகளை எடுத்துக்கொண்டிருக்கிறேன். முதல் கடிதத்துக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன். படுக்கையில் இருக்கும் பெரியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வீடுகள் பலவற்றில் அதே தவறு நடக்கிறது.

என் தந்தைக்குப் பக்கவாதம் வந்தபின் மூக்கு வழியாக உணவுக்குழாய் பொருத்தியிருக்கிறார்கள். காலையில் தர வேண்டிய ஐந்து மாத்திரைகளையும் சிறு கல்வத்தில் ஒன்றாகப் பொடித்து, கஞ்சியில் கலந்து குழாயில் விடுகிறேன். மருந்துக் கடைக்காரர் ஒருவர், எல்லா மாத்திரைகளையும் அப்படிப் பொடிக்கக் கூடாது என்கிறார். உண்மையா ஐயா?
– வாசகி, கும்பகோணம்

உண்மைதான் அம்மா. நீங்கள் அனுப்பியிருந்த மருந்துச் சீட்டின் நகலைப் பார்த்தேன். ஐந்தில் மூன்றைப் பொடிக்கவே கூடாது. இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்வரை காத்திருக்க மனமில்லாமல் தனியாகவும் ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன்.

முதலில் பான்டோபிரசோல். இரைப்பையில் அமிலம் சுரப்பதைக் குறைக்கும் இந்த மருந்து, அந்த அமிலம் பட்டாலே சிதைந்துவிடும் இயல்புடையது. அதனால்தான் அமிலத்தில் கரையாத, குடலுக்குப் போனபின் மட்டுமே கரைகிற ஓர் உறையை அதன் மேல் பூசியிருக்கிறார்கள். இரைப்பைக்கான மருந்து இரைப்பையில் கரையக் கூடாது என்பது முதலில் விந்தையாகத் தோன்றும். ஆனால் அது சிறுகுடலில் உறிஞ்சப்பட்டு, இரத்தத்தில் கலந்து, அந்த இரத்தத்தின் வழியாகத்தான் இரைப்பைச் சுவரில் அமிலம் சுரக்கும் செல்களைச் சென்றடைகிறது. இத்தகைய மாத்திரைகளைத் தொழிற்சாலையில் சோதிக்கும்போது, 37 பாகை வெப்பத்திலுள்ள அமிலத்தில் 2 மணி நேரம் வைத்தாலும் உறையில் விரிசல் விழக் கூடாது. பிறகு குடல்நீரை ஒத்த கரைசலுக்கு மாற்றினால் ஒரு மணி நேரத்துக்குள் சிதைய வேண்டும். அத்தனை கவனத்துடன் அமைத்த உறையைக் கல்வத்தில் இடித்துவிட்டால், உங்கள் தந்தையாருக்குப் போய்ச்சேரும் மருந்து மிகக் குறைவாகவே இருக்கும்.

இரண்டாவது, 75 மில்லிகிராம் ஆஸ்பிரின். உங்கள் சீட்டில் இருப்பது குடலில் கரையும் உறையிட்ட வகை. இங்கே உறை இருப்பது இரைப்பையின் உட்சுவரில் மருந்து நேராகப் படாமல் காப்பதற்காக. இதே ஆஸ்பிரின், தண்ணீரில் கரைத்துக் கொடுக்கக்கூடிய மாத்திரையாகவும் கிடைக்கிறது என்பதால், மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்வது எளிது.

மூன்றாவதுதான் எனக்கு அதிகக் கவலை தருவது. சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் என்ற பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர். என்ற இரண்டு எழுத்துகள் இருக்கின்றன அல்லவா? ஒரு நாள் முழுவதும் சிறிது சிறிதாக வெளியேற வேண்டிய அளவு அந்த ஒரே மாத்திரைக்குள் அடைக்கப்பட்டிருக்கிறது என்பது அதன் பொருள். இ.ஆர்., எக்ஸ்.ஆர்., சி.ஆர்., எக்ஸ்.எல். என்று வேறு எழுத்துகளிலும் இதே செய்தியை அச்சிடுவார்கள். பொடித்துவிட்டால் முழு அளவும் ஒரே நேரத்தில் உடலுக்குள் இறங்கிவிடும். மறுபாதி நாளுக்கு மருந்து இருக்காது. மெட்ஃபார்மினில் இதன் விளைவு பெரும்பாலும் வயிற்றுப்போக்கும் குமட்டலும் சர்க்கரை ஏறி இறங்குவதுமாக இருக்கும். இரத்த அழுத்தம், வலிப்பு, கடும் வலி ஆகியவற்றுக்கான நீடித்து வெளியேறும் மாத்திரைகளைப் பொடித்தால் உயிருக்கே ஆபத்து நேரலாம். சாதாரண மெட்ஃபார்மினைப் பிரித்துப் பிரித்துக் கொடுக்க மருத்துவர் மாற்றி எழுதித் தருவார்.

மீதியுள்ள இரண்டையும், அதாவது இரத்த அழுத்தத்துக்கான ஆம்லோடிபினையும் கொழுப்பைக் குறைக்கும் அட்டார்வாஸ்டாட்டினையும், பொடிக்கலாம். அட்டார்வாஸ்டாட்டின் மீதும் ஓர் உறை இருக்கிறது. அது மருந்தைப் பாதுகாக்கவும் எளிதாக விழுங்கவும் இடப்படும் மெல்லிய பூச்சு மட்டுமே. கண்ணால் பார்த்து இந்த உறைக்கும் அந்த உறைக்கும் வேறுபாடு சொல்ல இயலாது என்பதால், அட்டையின் பின்புறம் உள்ள சிறு எழுத்துகளைப் படிக்க வேண்டியிருக்கிறது. அட்டையை வெட்டி இரண்டு மூன்று மாத்திரைகளாகக் கடையில் கொடுக்கும்போது அந்த எழுத்துகள் பெரும்பாலும் போய்விடுகின்றன. இந்தப் பழக்கத்தை நான் எப்போதும் எதிர்த்தே வந்திருக்கிறேன்.

குழாயில் விடும் முறையையும் மாற்றுங்கள். ஒவ்வொரு மாத்திரையையும் தனித்தனியே நுண்ணிய பொடியாக்கி, தனித்தனியே தண்ணீரில் கலந்து விட வேண்டும். முதலில் 15 முதல் 30 மில்லி தண்ணீர், பிறகு ஒரு மருந்து, மீண்டும் சிறிது தண்ணீர், பிறகு அடுத்தது, இறுதியில் மறுபடியும் 15 முதல் 30 மில்லி தண்ணீர் என்ற வரிசையில் செய்யுங்கள். உங்கள் தந்தையாருக்குத் தண்ணீரின் அளவைக் கட்டுப்படுத்தச் சொல்லியிருந்தால் இந்த அளவையும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கஞ்சியில் கலந்தால் குழாய் அடைத்துக்கொள்ளும். கஞ்சி மீந்தால் மருந்தும் மீந்துவிடும். வலிப்பு மருந்து பிற்காலத்தில் சேர்க்கப்பட்டால், சிரப்பாகக் கிடைக்குமா என்று முதலிலேயே கேளுங்கள். புற்றுநோய்க்கான மாத்திரைகளை வீட்டில் யாருமே பொடிக்கக் கூடாது. அந்தத் தூளைச் சுவாசிப்பவருக்கும், குறிப்பாகக் கர்ப்பிணிகளுக்கும், அது கேடு விளைவிக்கும்.

இரண்டு மாதங்களாகச் சர்க்கரைக்கு நீடித்து வேலை செய்யும் மாத்திரை சாப்பிடுகிறேன். மலத்தில் சில நாள்கள் முழு மாத்திரை போன்றே ஒன்று வெளியேறுகிறது. மருந்து உடலில் சேரவில்லையா?
– வாசகர், திருநெல்வேலி

பெரும்பாலும் சேர்ந்துவிட்டது, நீங்கள் பார்ப்பது வெற்றுக் கூடு. இவ்வகை மாத்திரையில் மருந்தானது நீரை உறிஞ்சி உப்பும் ஒரு பொருளோடு கலந்திருக்கிறது. வயிற்றில் ஈரம் பட்டதும் அது வழுவழுப்பான கூழாகி, மருந்தை மெல்ல மெல்ல வெளியே விடுகிறது. மருந்து தீர்ந்தபின் அந்தக் கூழ் சில நேரங்களில் மாத்திரையின் வடிவத்திலேயே வெளியேறும். இரத்த அழுத்தத்துக்கான நிஃபெடிபினின் ஒரு வகையில் இது இன்னும் நுட்பமாக நடக்கிறது. கரையாத சவ்வுக்குள் மருந்தை வைத்து, அந்தச் சவ்வில் லேசர் ஒளியால் கண்ணுக்கு அரிதாகத் தெரியும் ஒரு துளையிட்டிருப்பார்கள்; உள்ளே நுழையும் நீர் மருந்தை அந்தத் துளை வழியாக ஒரே சீராக வெளியே தள்ளும். அங்கேயும் கூடு முழுதாகத்தான் வெளியே வரும். உங்கள் சர்க்கரை அளவு கட்டுக்குள் இருந்தால் கவலை வேண்டாம். கடுமையான வயிற்றுப்போக்கு இருக்கும் நாள்களில் மட்டும், மாத்திரை தன் வேலையை முடிக்கும் முன்பே வெளியேறிவிட வாய்ப்புண்டு. அப்போது மருத்துவரிடம் சொல்லுங்கள்.

எட்டு கிலோ எடையுள்ள என் பெண் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தபோது, முன்பு வாங்கிய சொட்டு மருந்து தீர்ந்துவிட்டதால் சிரப் வாங்கினேன். இரண்டும் பாராசிட்டமால்தானே, அளவு ஒன்றுதானே என்று என் மாமியார் சொல்கிறார். மேலும், மாத்திரை சூடு, டானிக் சூடு இல்லை என்பது சரியா?
– வாசகி, ஈரோடு

மருந்து ஒன்றுதான், அளவு ஒன்றல்ல. குழந்தைகளுக்கான பாராசிட்டமால் நம் கடைகளில் குறைந்தது மூன்று செறிவுகளில் கிடைக்கிறது. சொட்டு மருந்தில் பெரும்பாலும் 1 மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கும். ஒரு வகைச் சிரப்பில் 5 மில்லியில் 120 அல்லது 125 மில்லிகிராம். இன்னொரு வகையில் 5 மில்லியில் 250 மில்லிகிராம். சொட்டு மருந்திலேயே 1 மில்லியில் 150 மில்லிகிராம் உள்ளதும் உண்டு. குழந்தைக்கு ஒரு வேளைக்கு வேண்டியது ஒரு கிலோ எடைக்கு 10 முதல் 15 மில்லிகிராம். உங்கள் பெண்ணுக்கு 100 மில்லிகிராம் என்று வைத்துக்கொண்டால், முதல் வகைச் சொட்டு மருந்தில் அது 1 மில்லி, 125 சிரப்பில் 4 மில்லி, 250 சிரப்பில் 2 மில்லி.

இப்போது தவறு எப்படி நேர்கிறது என்று பாருங்கள். சிரப்புக்குப் பழகிய பாட்டி, சொட்டு மருந்துப் புட்டியை எடுத்து அதிலிருந்து 5 மில்லி ஊற்றிவிட்டால் 500 மில்லிகிராம் போய்விடும். ஒரு பெரியவர் போட்டுக்கொள்ளும் மாத்திரையின் அளவு அது. ஒரு வேளை அப்படி நேர்ந்துவிட்டால் உடனே மருத்துவரைக் கேளுங்கள். காய்ச்சல் விடவில்லையே என்று அதே அளவைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் கல்லீரல் கெடும். ஆகவே மருத்துவர் எழுதும்போது "எத்தனை மில்லி" என்பதோடு "எந்தச் செறிவு" என்பதையும் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் இடையில் குறைந்தது 4 மணி நேரம் வேண்டும். நாளுக்கு நான்கு வேளைக்கு மேல் வேண்டாம். மூன்று மாதம் நிரம்பாத குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் வீட்டில் மருந்து கொடுத்துப் பார்க்காமல் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள்.

பாலாடையிலோ சங்கிலோ கண்ணளவாக ஊற்றிப் புகட்டுவது நம் வீடுகளின் வழக்கம். பாலுக்கு அது சரி, மருந்துக்குச் சரியல்ல. தேக்கரண்டியும் அப்படித்தான், ஒரு வீட்டுக் கரண்டி 3 மில்லி கொள்ளும், இன்னொரு வீட்டுக் கரண்டி 7 மில்லி கொள்ளும். மருந்துடன் வரும் அளவு மூடி அல்லது ஊசி இல்லாத சிறிய சிரிஞ்சால் அளந்து, கன்னத்தின் உட்பக்கமாக மெதுவாக விடுங்கள். சொட்டுக்குழாயை அந்த மருந்துக்கு மட்டுமே பயன்படுத்துங்கள்.

புட்டியைக் குலுக்குவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். தெளிந்த சிரப்பில் மருந்து கரைந்திருக்கிறது. கலங்கலாகத் தோன்றும் வகையில் மருந்து கரையாமல் நுண்துகளாக மிதக்கிறது, நேரமானால் அடியில் படிகிறது. வலிப்புக்கான ஃபெனிடாயின் திரவம் இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. குலுக்காமல் கொடுத்து வந்தால், புட்டியின் மேல்பாதி தீரும்வரை மருந்து போதாமல் வலிப்பு வரலாம்; அடிப்பாதிக்கு வரும்போது மருந்து மிகுந்து குழந்தை தள்ளாடலாம். ஒரே புட்டி, ஒரே கரண்டி, ஒரே அளவு, ஆனால் இரண்டு எதிரெதிரான தீங்குகள்.

மாத்திரை சூடு என்பதற்கு மருந்தியலில் ஆதாரம் இல்லை. டானிக் மென்மையானது என்ற எண்ணம்தான் அதைவிட ஆபத்தானது. திரவ மருந்தில் மருந்தோடு, அதைக் கரைக்கும் திரவமும் உடலுக்குள் போகிறது. 1937-ஆம் ஆண்டு அமெரிக்காவில் சல்ஃபானிலமைடு என்ற மருந்தைக் குழந்தைகளும் விரும்பும் வகையில் இனிப்புத் திரவமாக்க, டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சுப் பொருளில் கரைத்து விற்றார்கள். மாத்திரையாகவும் பொடியாகவும் இருந்தவரை பயன்பட்டு வந்த அதே மருந்து, இந்த வடிவத்தில் 100-க்கும் மேற்பட்டவர்களின் உயிரைக் குடித்தது; அவர்களில் பலர் சிறுவர்கள். மறுஆண்டே அந்நாட்டில் மருந்துச் சட்டம் கடுமையாக்கப்பட்டது. நம் நாட்டிலும் குளோர்ஃபெனிரமைன், ஃபினைலெஃப்ரின் இரண்டும் சேர்ந்த சளி மருந்தை நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரில் அறிவுறுத்தியது. அத்தகைய சிரப்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் கேட்டு வாங்காதீர்கள்.

குழந்தைகளுக்கான ஆன்டிபயாட்டிக் ஏன் தூளாகவே வருகிறது? மீந்ததை அடுத்த காய்ச்சலுக்கு வைத்துக்கொள்ளலாமா?
– வாசகர், மதுரை

அமாக்சிசிலின் போன்றவை தண்ணீரோடு சேர்ந்தால் நாளடைவில் சிதைபவை. ஆலையில் கரைத்து அனுப்பினால் உங்கள் வீட்டுக்கு வந்து சேரும் முன்பே வீரியம் குறைந்துவிடும் என்பதால், கரைக்கும் வேலையை உங்களிடம் விட்டிருக்கிறார்கள். தூள் அடியில் கட்டியாக இருந்தால் புட்டியைத் தட்டி உதிர்த்துவிட்டு, கொதித்து நன்றாக ஆறிய தண்ணீரை, அல்லது கூடவே கொடுத்திருந்தால் அந்தத் தண்ணீரை, பாதியளவு ஊற்றிக் குலுக்குங்கள். நுரை அடங்கியபின் குறியிட்ட கோடு வரை நிரப்பி மீண்டும் குலுக்குங்கள். நுரையையே தண்ணீர் மட்டமாக எண்ணி நிறுத்திவிட்டால் மருந்து செறிவு கூடிவிடும். கரைத்த தேதியைப் புட்டியின் மேல் எழுதுவது நல்ல பழக்கம். கிளாவுலானிக் அமிலம் சேர்ந்த அமாக்சிசிலின் என்றால் குளிர்பெட்டியில், உறைபனி அறையில் அல்லாமல், வைத்து ஏழு நாள்களுக்குள் முடித்துவிட வேண்டும். அசித்ரோமைசின் போன்ற சிலவற்றுக்குப் பொதுவாகக் குளிர்பெட்டி தேவைப்படுவதில்லை. மீந்ததை வைத்துக்கொள்ளக் கூடாது.

நம் சித்த மருத்துவத்தில் இந்தக் கணக்கு நெடுங்காலமாகவே இருக்கிறது. உள்ளுக்குக் கொடுக்கும் மருந்து வடிவங்களை 32 என்று வகுத்து, ஒவ்வொன்றுக்கும் ஆயுள் குறித்திருக்கிறார்கள். அதில் மூலிகைகளைக் காய்ச்சி எடுத்த குடிநீருக்கு, அதாவது கஷாயத்துக்கு, ஒரு சாமம், அதாவது 3 மணி நேரம். உலர்ந்த சூரணத்துக்கு மூன்று மாதம். தண்ணீர் சேர்ந்தால் மருந்தின் ஆயுள் குறையும் என்ற அதே அறிவுதான் இந்தத் தூள் புட்டியிலும் இருக்கிறது.

என் மனைவி சைவ உணவுக்காரர். கேப்ஸ்யூலைத் திறந்து உள்ளிருப்பதை மட்டும் பாலில் கலந்து குடிக்கிறார். எனக்கோ கேப்ஸ்யூல் தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. என்ன செய்வது?
– வாசகர், சேலம்

பெரும்பாலான கேப்ஸ்யூல் கூடுகள் ஜெலட்டினால் ஆனவை. ஜெலட்டின் விலங்குகளின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுக்கப்படுகிறது. தாவர நாரிலிருந்து செய்யப்படும் கூடுகளும் இருப்பதால், உங்கள் துணைவியார் தம் விருப்பத்தைச் சொல்லி அந்த வகையையோ மாத்திரையையோ கேட்டு வாங்கலாம். அவர் கேட்பது நியாயமான ஒன்று. அதற்காக மருத்துவரிடம் தயங்க வேண்டியதில்லை. திறந்து பாலில் கலப்பதை மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள். இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் ஒமிப்ரசோல் கேப்ஸ்யூலுக்குள் இருக்கும் வெண்ணிற மணிகள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே குடலில் கரையும் உறை உண்டு. பால் அந்த உறையை முன்கூட்டியே கரைக்கத் தொடங்கிவிடும். மென்றால் உறை நொறுங்கிவிடும். சில மருந்துகளில் மணிகளைப் பழக்கூழில் தூவி மெல்லாமல் விழுங்கலாம். ஆனால் அது மருந்துக்கு மருந்து மாறும்.

உங்கள் சிக்கலுக்கு ஓர் எளிய வழி உண்டு. மாத்திரை தண்ணீரில் மூழ்கும், கேப்ஸ்யூல் மிதக்கும். மாத்திரைக்குச் செய்வதுபோல் தலையை அண்ணாந்தால், மிதக்கும் கேப்ஸ்யூல் பற்களின் பக்கமாக வந்துவிடும். நாக்கின் மேல் கேப்ஸ்யூலை வைத்து, ஒரு மடக்குத் தண்ணீர் எடுத்து, தாடை மார்பை நோக்கித் தாழும்படி தலையைக் குனிந்து விழுங்கிப் பாருங்கள். பலருக்கு முதல் முயற்சியிலேயே இறங்கிவிடுகிறது.

தண்ணீரில் மட்டும் சிக்கனம் வேண்டாம். படுக்கப்போகும் நேரத்தில் ஒரு மடக்கோடு விழுங்கிய டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் கேப்ஸ்யூல் உணவுக்குழலில் ஒட்டிக்கொண்டால் அந்த இடம் புண்ணாகி, மறுநாள் எச்சில் விழுங்கவே வலிக்கும். எலும்புத் தேய்மானத்துக்கு வாரம் ஒரு முறை எடுக்கும் அலெண்ட்ரோனேட் மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அடுத்த அரை மணி நேரம் படுக்காமல் நிமிர்ந்தே இருக்கச் சொல்வதும் இதனால்தான்.

நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரையை மருத்துவர் கொடுத்திருக்கிறார். வாந்திக்கு வாயில் கரையும் மாத்திரையும் இருக்கிறது. இரண்டையும் ஒரே மாதிரி வைத்துக்கொள்ளலாமா? தண்ணீரில் போட்டால் பொங்கும் மாத்திரையை விழுங்கலாமா?
– வாசகி, தூத்துக்குடி

மூன்றும் கரையும் மாத்திரைகள்தான் என்றாலும், கரைந்தபின் அவை போகும் வழி வேறு.

நாக்கடி மாத்திரையான ஐசோசார்பைடு டைநைட்ரேட்டை விழுங்கிவிட்டால், குடலில் உறிஞ்சப்பட்டு முதலில் கல்லீரலுக்குச் சென்று, அங்கேயே பெரும்பகுதி சிதைக்கப்பட்டுவிடும். மீதியும் தாமதமாகவே வந்து சேரும். நாக்கின் அடியிலுள்ள மெல்லிய சவ்வின் வழியாகப் போனால் கல்லீரலைத் தொடாமல் நேரே இரத்தத்தில் கலந்து சில நிமிடங்களில் வேலை செய்யும். அதைப் போடும்போது உட்கார்ந்துகொள்ளுங்கள். இரத்த அழுத்தம் சட்டென்று இறங்கித் தலைசுற்றலாம். மாத்திரை கரையும்வரை தண்ணீர் குடிக்கவோ எச்சிலை விழுங்கவோ வேண்டாம். ஆண்மைக்குறைவுக்காக சில்டெனாஃபில் எடுப்பவர்கள் இதைத் தொடவே கூடாது. ஐந்து நிமிடத்தில் வலி குறையாவிட்டால் 108-ஐ அழையுங்கள்.

வாந்திக்கான ஆன்டான்செட்ரான் எம்.டி. மாத்திரை அப்படியல்ல. அது நாக்கின் மேல் வைத்தவுடன் எச்சிலில் கரைந்து, அந்த எச்சிலோடு வயிற்றுக்குப் போய், மற்ற மாத்திரைகளைப் போலவே குடலில்தான் உறிஞ்சப்படுகிறது. தண்ணீர் குடித்தாலே வாந்தி வருபவருக்கு வசதியாக இருக்கட்டும் என்பதற்காகத்தான் இந்த வடிவம். ஈரக்கையால் தொட்டால் கையிலேயே கரைந்துவிடும் என்பதால், போடும் நேரத்தில்தான் அட்டையைப் பிரிக்க வேண்டும்.

பொங்கும் மாத்திரையை ஒருபோதும் அப்படியே விழுங்கக் கூடாது. அதிலுள்ள அமிலமும் சோடியம் பைகார்பனேட்டும் நீர் பட்டவுடன் வினைபுரிந்து கரியமில வாயுவை வெளியிடுகின்றன. அது தொண்டையில் நடக்கக் கூடாது. முழுவதும் கரைந்து பொங்கல் அடங்கியபின் குடியுங்கள். அந்தச் சோடியம் உடலுக்குள்தான் போகிறது. இரத்த அழுத்தமோ இதய, சிறுநீரக நோயோ இருந்து உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் இவ்வகையை நாள்தோறும் எடுக்கலாகாது. நெஞ்சுவலிக்கு நாக்கடி மாத்திரை வைத்திருக்கும் நீங்கள் இதை மருத்துவரிடம் அவசியம் கேட்டுக்கொள்ளுங்கள்.

டி.டி. என்று குறித்த மாத்திரை பொங்காது. ஒரு கரண்டித் தண்ணீரில் போட்டால் மூன்று நிமிடத்துக்குள் கலங்கிப் பிரிந்துவிடும். வயிற்றுப்போக்கின்போது உப்புச் சர்க்கரைக் கரைசலோடு 14 நாள் கொடுக்கப்படும் 20 மில்லிகிராம் துத்தநாக மாத்திரை இந்த வகை. ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்கு அதில் பாதி போதும். தாய்ப்பாலிலேயே கரைத்துப் புகட்டலாம். வயிற்றுப்போக்கு இரண்டாம் நாளே நின்றுவிட்டாலும் 14 நாளும் கொடுத்து முடியுங்கள்.